கூறை பறித்த பெருவழி

பண்ணாரி அம்மன் கோவிலை எந்த லாரியும் சும்மா தாண்டிப் போவதில்லை. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இறங்குவார். சூடம் கொளுத்துவார், முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். கிளீனர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, காற்று இறங்கிய டயரின் மந்தச் சத்தம் எங்காவது கேட்கிறதா என்று காது கொடுப்பார். அதற்கப்புறம்தான் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பெரிய வண்டி வந்தால் ஒருவர் நின்று இன்னொருவருக்கு வழிவிட்டாக வேண்டும். காட்டு விலங்குகள் தொடர்ந்து அடிபடுவதைப் பார்த்து, இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடையை நடைமுறைப்படுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

உலகின் ஆபத்தான சாலைகள் என்று வரிசை போடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பாதைகள்தான் பிடிக்கும். வரிசையில் முதலில் வருவது பெரும்பாலும் பொலிவியா. லா பாஸ் நகரிலிருந்து யுங்காஸ் பகுதிக்கு இறங்கும் அந்த மண்சாலையை 1930களில் சாக்கோ போரில் பிடிபட்ட பராகுவே கைதிகளைக் கொண்டு வெட்டினார்கள். உலகத்திலேயே ஆபத்தான சாலை என்ற பட்டத்தை அதற்கு 1995இல் ஒரு வங்கி சூட்டியது, அமெரிக்கக் கண்டங்களின் வளர்ச்சிக்குக் கடன் கொடுக்கும் வங்கி. அந்தப் பாதைக்கென்று தனி விதி ஒன்று உண்டு. நாடெங்கும் வலப்பக்கமாக ஓட்டுகிறவர்கள் அங்கே மட்டும் இடப்பக்கம் மாறிக்கொள்வார்கள். ஸ்டீயரிங் இடப்புறம் இருப்பதால், ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினால் வெளிச்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்பது தெரிந்துவிடும். 2006இல் மாற்றுச்சாலை திறந்தபின் பழைய பாதை சைக்கிளில் இறங்கும் சுற்றுலாக்காரர்கள் கைக்குப் போய்விட்டது.

திம்பத்திலிருந்து இறங்கி சத்தி, கோபி, குன்னத்தூர் என்று தெற்கே வந்தால் செங்கப்பள்ளி. அதைத் தாண்டினால் ஊத்துக்குளி. வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். கதித்தமலை முருகனைத் தவிர இங்கே உயரமாகச் சொல்ல அதிகம் இல்லை. செங்கப்பள்ளி வழியாகப் போகிற சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் பள்ளத்தாக்கும் இல்லை, கொண்டை ஊசியும் இல்லை. வண்டியை நிறுத்தி யாரும் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை. ஆனால் வழிப்பயத்துக்கு இந்தத் தடம் வைத்திருக்கிற வரலாறு எந்த மலைப்பாதைக்கும் குறைந்ததில்லை.

கிழக்கே காவிரிக் கரைக்கும் மேற்கே சேரர் துறைமுகங்களுக்கும் இடையில் மலைச்சுவர் விட்டுக்கொடுத்த ஒரே அகலமான வாசல் பாலக்காட்டுக் கணவாய். அதனால் கொங்கு நாடு எப்போதுமே வழிநாடு. ஊத்துக்குளிக்குத் தென்கிழக்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல்தான் பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் என்பது அறிஞர் முடிவு. 1980களிலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில் கல்மணிப் பட்டறைகளும் இரும்பு உலைகளும் வெளிப்பட்டன. அருகிலுள்ள கத்தாங்கண்ணியில் ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. மணி மேற்கே போயிற்று, காசு கிழக்கே வந்தது. இரண்டும் போய்வந்தது இந்த வழியில்தான்.

வழிப்போக்கனுக்கு அன்றைய பயம் ஆறலை கள்வர். பாலைத்திணைப் பாடல்களில் அவர்கள் இல்லாத காடே கிடையாது. தனியாக நடந்தவன் செத்தான் என்பதால் வணிகர்கள் கூட்டமாக, சாத்தாகப் போனார்கள். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்தையும், சுங்கம் வாங்கும் பெருவழியையும், வில்லோடு அதைக் காக்கும் வீரர்களையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. (விசயமங்கலம் சுங்கச்சாவடியில் வில் இல்லை, ஃபாஸ்டாக் உண்டு.) கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள பாறைக் கல்வெட்டு, மேற்கே போகும் வழிக்கு ராஜகேசரிப் பெருவழி என்று பெயர் சொல்கிறது. ஒரே செய்தி தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் இருக்கிறது. இந்தப் பக்கத்தவனும் அந்தப் பக்கத்தவனும் படிக்கவேண்டும் என்று நினைத்தார்கள் போலும்.

இந்த வழியில் பறிகொடுத்தவர்களில் பேர்போனவர் சுந்தரர். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அவர், கொடுங்கோளூரில் சேரமான் பெருமாளிடம் பொன்னும் மணியும் ஆடையும் பரிசாகப் பெற்றுத் திருவாரூர் திரும்பிக்கொண்டிருந்தார். அவிநாசிக்குப் பக்கத்தில், இன்றைய திருமுருகன்பூண்டியில், வேடர்கள் மறித்து அத்தனையையும் பிடுங்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் சிவகணங்கள்தான் என்பது பெரியபுராணம் சொல்லும் சேதி. பறிபோன பரிசு இருந்த இடத்தைச் சுந்தரருக்குக் கூப்பிட்டுச் சொன்ன கூப்பிடு விநாயகர் என்று ஒரு பிள்ளையாரும் அங்கே உண்டு. சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பக்தியை ஒதுக்கிவைத்துப் படித்தால் அது ஒரு வழிப்பறிப் புகார். வில்லோடு வந்து மிரட்டுகிறார்கள், அடிக்கிறார்கள், இடுப்புக் கூறையைக்கூட விடாமல் பறிக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் உமக்கு என்ன வேலை என்று சிவனையே நிறுத்திக் கேட்கிறார். உடுத்த துணியை உருவிக்கொண்ட அந்தப் பூண்டி இன்று உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்பும் திருப்பூர் மாவட்டத்துக்குள் இருக்கிறது.

வேடர் போய் வண்டிகள் வந்தன. இருப்புப்பாதை வருவதற்கு முன் கொங்கின் பஞ்சும் நெய்யும் புகையிலையும் காங்கேயம் காளை பூட்டிய பாரவண்டிகளில் போயின. அந்தக் காலத்து அபாயமே வேறு. கடையாணி கழன்றால் சக்கரம் ஓடிவிடும், அதனால் ஏறுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பது பழக்கம். அச்சுக்கு மை போடாவிட்டால் கட்டை தேய்ந்து முறியும். ராத்திரி ஓட்டத்தில் அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும், பத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும், முதல் வண்டிக்காரன் மட்டும் விழித்திருந்தால் போதும். மற்றவர்கள் வைக்கோல்மேல் சாய்ந்து தூங்குவார்கள். காளைக்கு வழி தெரியும். சந்தை முடிந்து ஊர் திரும்பும்போது முதல் வண்டிக்காரனும் தூங்கிவிடுவதுண்டு. காளைகள் வாசலில் வந்து நின்றுதான் எழுப்பும்.

1862இல் சென்னையையும் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியது. ஈரோடு, ஊத்துக்குளி, திருப்பூர், போத்தனூர் என்று ஏறக்குறைய பழைய பெருவழியின் போக்கிலேயே தண்டவாளம் போயிற்று. தூரத்துச் சரக்கை ரயில் எடுத்துக்கொள்ள, சாலை நூறாண்டுக்குமேல் உள்ளூர்க்காரர்களுடையதாக இருந்தது. இருபுறமும் புளியமரம், அடிமரத்தில் வெள்ளைப் பட்டை. சாலை எண் 47 ஆகி லாரி பெருகியபின் விபத்துச் செய்திகள் ‘புளியமரத்தில் மோதி’ என்றே தொடங்கின. வடக்கு–தெற்கு நாற்கரத் திட்டத்தில் சாலை அகலமானபோது மரங்கள் போயின. எண் 544 ஆயிற்று. செய்திகளில் மரத்தின் இடத்தை சென்டர் மீடியன் பிடித்துக்கொண்டது.

2020 பிப்ரவரி 20, விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்தது கேரள அரசுப் பேருந்து. எதிர்த்திசையில் கொச்சிப் பக்கமிருந்து டைல்ஸ் ஏற்றிய கன்டெய்னர் லாரி. அவிநாசிக்கு அருகே லாரி மீடியனைத் தாண்டி வந்து பேருந்தின் பக்கவாட்டைக் கிழித்தது. ஓட்டுநர், நடத்துநர் உட்பட 19 பேர் இறந்தார்கள். முதலில் டயர் வெடித்ததாகச் சொன்னார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்பது பிறகு வந்த விளக்கம். சுந்தரர் பறிகொடுத்த பூண்டி அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த இடத்தில் சாலை நேராக, அகலமாக, பள்ளம் மேடு இல்லாமல் இருந்தது. தூக்கத்துக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. வண்டிக்குள் காளையும் இல்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, 67 சதவீதம், நேரான சாலைகளில் நடந்தவை. வளைவு, குழி, செங்குத்துச் சரிவு மூன்றையும் சேர்த்தாலும் 14 சதவீதத்தை எட்டவில்லை. விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. நாட்டில் நேரான சாலையே அதிகம், விபத்தும் அங்கேதானே அதிகம் இருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே அறிக்கையில் இறப்புகளில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. திம்பத்தின் வளைவில் அந்த வேகம் யாருக்கும் கைகூடாது.

மலையிலும் பயம் விட்டுப்போகிற இடம் உண்டு. தர்மபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாய் அதற்குச் சாட்சி. இறக்கம்தானே என்று டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, கீழே வரும்போது பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற அத்தனை வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போன லாரிகள் பல. அங்கே சாலை வளைந்தாலும் மலைப்பாதை மாதிரி பயமுறுத்தாத அளவுக்கு அகலம். அகலம்தான் ஆளை ஏமாற்றுகிறது. இதற்கு நேர்மாறான ஏமாற்று ஒன்றைக் கோவைக்காரர்கள் அறிவார்கள். செங்கப்பள்ளியிலிருந்து ஆறுவழியில் பாய்ந்துவரும் வண்டி, நீலாம்பூரில் திடீரென்று இருவழிப் புறவழிச்சாலைக்குள் நுழையும். மதுக்கரை வரை சுமார் 28 கிலோமீட்டர். காலில் ஆறுவழி வேகம், கண்ணெதிரே இருவழிச் சாலை. அந்தத் துண்டில் விழுந்த உயிர்கள் ஏராளம்.

ஊத்துக்குளி வட்டாரத்தில் ஆபத்து இன்னும் சின்னதாக, அன்றாடமாக இருக்கிறது. கிளுவை வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரிகள் இந்தக் கிராமங்களின் பழைய தெருக்கள். ஒரு வண்டி போக அகலம், வேகம் காளையின் வேகம். அப்படியே வளர்ந்த ஊர்களின் குறுக்கே நெடுஞ்சாலை போயிருக்கிறது. காடு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். அண்டர்பாஸும் சர்வீஸ் ரோடும் இருக்கின்றன, எல்லாருக்கும் பக்கத்தில் இல்லை. காலையில் கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கு விரையும், ஷிப்ட் நேரம் தவறக்கூடாது. ராத்திரி தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ கன்டெய்னர் கிளம்பும், கப்பல் காத்திருக்காது. இரண்டுக்கும் நடுவில், விடியலில், பால்காரரின் மொபெட் இட்டேரியிலிருந்து மேலேறுகிறது. இருபுறமும் பால் கேன், தலையில் உருமால். மீடியன் இடைவெளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பால் சொசைட்டி எதிர்த்திசையில், அரைக் கிலோமீட்டரில். அவர் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒடுங்கி, எதிர்த்து வரும் லாரிகளைப் பார்த்தபடியே போகிறார்.