அங்கதமும் அங்கிலியும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போனால் அண்ணன் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிடாமல் திரும்புவதில்லை. சென்ற முறை போனபோது அண்ணன் மகள் கல்லூரிக் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பாடம் பிரிட்டன், அயர்லாந்துச் சிறுகதைகள்: சாகி, ஆஸ்கர் வைல்ட், ஜேம்ஸ் ஜாய்ஸ். ஏட்டின் ஓரத்தில் தமிழில் இரண்டு வரி. சட்டையர் என்றால் அங்கதம், அங்கதன் இராவணனை இகழ்ந்ததால் வந்த பெயர். ஐரனி என்றால் முரண்நகை.

“யாரம்மா சொன்னது இது?”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க சித்தப்பா. அங்கதன் ராவணன் சபையில நக்கலா பேசினான்ல?”

இரண்டு வரியும் தவறு. இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். மேடையிலும் கேட்கிறேன், நூல் முன்னுரைகளிலும் படிக்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

வாலி மகன் அங்கதனின் பெயர் வடமொழியில் தோள்வளையைக் குறிக்கும் சொல். அதில் இகழ்ச்சி எங்கே இருக்கிறது? கம்பனின் அங்கதன் தூதுப் படலத்தில் அவன் இராவணனிடம் நேருக்கு நேர் பேசுகிறான், எதையும் ஒளிக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியலோ அங்கதத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெளிப்படையான வசை என்றும் மற்றொன்றைச் சொல்லை மறைத்துச் சொல்லும் பழிகரப்பு என்றும் வைக்கிறது. இதில் பாதி அவனுக்குப் பொருந்தவே இல்லை. தூதிலிருந்துதான் சொல் பிறக்கவேண்டும் என்றால் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையை அல்லவா நினைத்திருக்கவேண்டும்? புறநானூற்றின் 95ஆம் பாட்டில் தொண்டைமானின் படைக்கலங்களை அவள் புகழ்கிறாள். பீலி அணிந்திருக்கின்றனவாம், நெய் பூசியிருக்கின்றனவாம், காவல்மிக்க மனையில் இருக்கின்றனவாம். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. இகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. தொண்டைமான் போர் அறியாதவன் என்பது மட்டும் கேட்டவர் நெஞ்சில் தைத்து நிற்கிறது. வேங்கடத்தைத் தன் வட எல்லையில் கொண்டது அந்தத் தொண்டை நாடு. எங்கள் மண்ணின் அரசனுக்கே கிடைத்த அங்கதம் இது.

ஆங்கிலச் சொல்லுக்கும் இதே தீவினை நேர்ந்திருக்கிறது. ‘சட்டையர்’ என்ற சொல் கிரேக்கத்து ஆட்டுக்கால் வனதேவதையான ‘சாட்டிர்’ பெயரிலிருந்து வந்தது என்று பல நூற்றாண்டு நம்பினார்கள். எழுத்தையும் அதற்கேற்ப மாற்றி எழுதினார்கள். 1605இல் ஐசக் கசோபன் என்ற அறிஞர் அதை மறுத்தார். அது இலத்தீன் ‘சதுரா’, பலவும் கலந்து நிரப்பிய தட்டு. அங்கே ஆட்டுக்கால் தேவதை, இங்கே வானர இளவரசன். கதைப் பாத்திரத்தின் பெயர் ஒலித்துவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. நமக்கு ஒரு கசோபன் இன்னும் வாய்க்கவில்லை.

இன்னொரு கட்சியும் உண்டு. தெலுங்கில் இதற்கு ‘வியங்கியம்’ என்கிறார்கள், அதன் தலை தேய்ந்துதான் அங்கதம் என்று. வியங்கியம் ‘வி-அஞ்ஜ்’ என்ற வேரில் பிறந்தது. வெளிப்படுத்துதல் என்று பொருள். வடமொழிக் கவிதையியலார் ஆனந்தவர்த்தனருக்கு அது குறிப்புப்பொருள், ஏளனம் அல்ல. ஏளனப் பொருள் பிற்கால மொழிகளில் ஏறியது. அந்த ஒலியிலிருந்து ‘அங்கத’ வராது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

‘அங்கா’ என்பதே வேர் என்கிறேன். அங்காத்தல், வாய் திறத்தல். அகர ஆகாரம் பிறக்கும் விதத்தைத் தொல்காப்பியப் பிறப்பியல் சொல்வது இந்தச் சொல்லால்தான். இதன் உறவு இன்றும் திருப்பதித் தெருவில் உயிரோடு இருக்கிறது: தெலுங்கில் மேலண்ணத்துக்கு ‘அங்கிலி’ என்று பெயர். “அங்கிட பெல்லம், ஆத்மலோ விஷம்” என்பது தெலுங்குப் பழமொழி. அண்ணத்தில் வெல்லம், ஆன்மாவில் நஞ்சு. பழிகரப்பு அங்கதத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் எந்த உரையாசிரியரிடமும் கண்டதில்லை.

ஆகாரம் எப்படி அகரமானது என்பார்கள். எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு வாருங்கள். தமிழில் அங்காடி, தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘அங்கடி’. ஒரே சொல், ஒரே இடத்தில் குறுக்கம். அங்காத்து என்பதோடு அம் சேர்ந்து, நெடில் குறுகி, ஒற்று ஒன்று கழிந்து அங்கதம். ஆட்டு, ஆட்டம் ஆவதைப் போன்ற ஆக்கம்தான்.

தொல்காப்பியர் அதை எங்கே உட்கார வைத்திருக்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். செய்யுள் பிறக்கும் ஏழு நிலங்களில் அங்கதத்துக்கு ஒரு பக்கம் பிசி, மறுபக்கம் முதுசொல், பிசிக்கு முன்னால் வாய்மொழி. விடுகதையும் பழமொழியும் மந்திரமும் சுற்றி நிற்கின்றன. எல்லாம் வாயில் வாழ்பவை. அந்த வரிசையில் தோள்வளைக்கு என்ன வேலை?

பக்கத்துச் சொல் ஒன்று நினைவுக்கு வருகிறது. எகத்தாளத்தை ‘ஏக தாளம்’ என்று பிரித்து ஒற்றைத் தாளம் என்று விளக்குகிறார்கள். தெலுங்கில் அது ‘எகதாளி’. ‘எகுவ’ என்றால் மேல்புறம், ‘எகுரு’ என்றால் பறத்தல், நம் எகிறுதலும் அதுவே. குரல் எகிறும் ஏளனம் எகத்தாளம். சித்தூர்ச் சந்தையில் ஒரு நாள் நின்று கேட்டவனுக்கு இதில் ஐயம் வராது.

இனி முரண்நகை. அண்மைக் காலத்தில் கட்டிய சொல் இது. அதுவும் பொருளை விட்டு விலகிக் கட்டியது. நகையின் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கை மெய்ப்பாட்டியலில் வைத்தார் தொல்காப்பியர். அங்கதத்தைச் செய்யுளியலில் வைத்தார். சிரிப்பு வேறு, அங்கதம் வேறு என்று அவர் பிரித்ததை நாம் ஏன் ஒட்டவேண்டும்? ‘ஐரனி’யின் மூலமான கிரேக்க ‘ஐரோன்’, தன் அறிவை மறைத்து அறியாதவன்போல் நடிப்பவன். மறைப்பதுதான் அங்கே உயிர். கரப்பு என்ற சொல் அதைத் தொட்டுவிடுகிறது, நகை தொடவில்லை. தண்டியலங்காரமும் புகழ்வதுபோல் பழிப்பதை இலேச அணியோடு சேர்த்துச் சொல்கிறது. இலேசமும் குறிப்பை மறைக்கும் அணிதான்.

அண்ணன் மகள் படிக்கும் இலக்கியத்துக்கே வருகிறேன். டப்ளினில் பிறந்த ஜோனதன் ஸ்விஃப்ட், ஏழை அயர்லாந்துக்காரர்களின் குழந்தைகளை ஒரு வயதில் உணவாக விற்கலாம் என்று கணக்குப் போட்டு 1729இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். விலை சொல்கிறார், இலாபம் சொல்கிறார், குரல் ஓரிடத்திலும் நடுங்கவில்லை. படித்து முடித்தவனுக்குச் சிரிப்பா வருகிறது? வைல்ட் 1888இல் வெளியிட்ட நண்பன் கதையில் மாவு ஆலைக்காரன் நட்பைப் பற்றி அழகாகப் பேசிப் பேசியே ஏழை ஹான்ஸின் பூக்களையும் உழைப்பையும் கடைசியில் உயிரையும் வாங்கிக்கொள்கிறான். சவ ஊர்வலத்தில் முதலாவதாக நடப்பவனும் அவனே. அங்கிட பெல்லம். சாகியின் ‘திறந்த சாளரம்’ கதையில் பதினைந்து வயதுப் பெண் வீரா, உயிரோடு இருப்பவர்களை இறந்தவர்களாக்கி, வந்த விருந்தாளியை நடுங்கி ஓடவைக்கிறாள். இலத்தீனில் வீரா என்றால் உண்மையானவள். பெயரிலேயே கரப்பு! நம் பழைய அகராதிகளில் அங்கதத்துக்குப் பொய் என்ற பொருளும் இருப்பதை அண்ணன் மகளுக்கு எடுத்துக்காட்டினேன்.

செம்பொருள் என்னும் வெளிப்படை வசையும் அயர்லாந்தில் உண்டு. பழைய அயர்லாந்துக் கதைகளில் புலவன் வசை பாடினால் அரசன் முகத்தில் கொப்புளம் எழும். முகம் பழுதானவன் அரசாளக்கூடாது. நம்மூர் அறம் பாடுதலுக்கு அது உடன்பிறப்பு. திருக்காளத்தியில் தூர்ஜடி தம் தெலுங்குச் சதகத்தில் அரசர்களை நேராகச் சாடியதும் இந்த வகையே. வாய் முழுதாகத் திறந்தால் வசை, பாதி திறந்து பாதி மூடினால் பழிகரப்பு. இரண்டுக்கும் அங்கதம் என்ற ஒரே பெயரை வைத்தவர், வாயை நினைத்துத்தான் வைத்திருக்கவேண்டும்.

அண்ணன் மகள் இரண்டு வரியையும் அடித்துவிட்டாள். ஐரனிக்கு நேராகப் பழிகரப்பு என்று எழுதினாள். “தேர்வுல இதை எழுதினா மார்க் போடுவாங்களா சித்தப்பா?” என்று கேட்டாள். “எழுது” என்றேன். அங்கதம் அங்காவிலிருந்து பிறந்தது. இதில் எனக்கு ஐயமே இல்லை.