கழுத்தில் தொங்கிய செபமாலை



மலைப்பொழிவில் செபத்தைப் பற்றிப் பேசும்போது, உள்ளறைக்குள் போகும்படி நம் ஆண்டவர் சொல்கிறார். கதவை அடைத்துக்கொண்டு, மறைவாய் இருக்கும் தந்தையிடம் பேசச் சொல்கிறார் (மத்தேயு 6:6). நாம் பலமுறை கேட்ட வார்த்தைதான். ஆனால் கதவைத் திறந்து வைத்துச் செபித்தால் ஆபத்து என்ற நிலையில் வாழ்ந்த மக்களுக்கு இந்த வார்த்தை எப்படி ஒலித்திருக்கும்? இன்று அந்த மக்களைப் பற்றிச் சிந்திப்போம். அவர்கள் நமக்குத் தூரத்து மனிதர்கள் அல்ல. நம் மொழி பேசியவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வாழ்ந்தவர்கள்.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கொழும்பு அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1656இல், விழுந்துவிட்டது. புதிய ஆட்சியாளர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கர் ஒவ்வொருவரையும் போர்த்துக்கேயரின் ஆளாகவே அவர்கள் பார்த்தார்கள். எனவே குருக்கள் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். கோயில்கள் பறிக்கப்பட்டன. கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தாலோ, அவரை ஒளித்து வைத்தாலோ மரண தண்டனை என்று அதே 1658இல் ஆணை பிறந்தது. பிள்ளைகளின் திருமுழுக்கையும் பெரியவர்களின் திருமணத்தையும் அரசின் சபையிலே நடத்தி, தோம்பு என்னும் பதிவேட்டில் எழுத வேண்டியதாயிற்று.

இதை நாம் சொல்வது யார்மீதும் பழி போட அல்ல. போர்த்துக்கேயர் ஆண்ட நாள்களிலும் கொடுமைகள் நடந்தன. இந்து சகோதரர்களின் கோவில்கள் இடிக்கப்பட்டன. ஆட்சியும் வாளும் சமயத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. அன்று நம்மை எதிர்த்தவர்களின் சபையைச் சேர்ந்தவர்களோடு இன்று நாம் சேர்ந்து செபிக்கிறோம். அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம்.

நாம் பார்க்க வேண்டியது அந்த ஆணைக்குப் பின்னால் இருந்த வீடுகளை. 1658 முதல் 1687 வரை, ஏறக்குறைய 29 ஆண்டுகள், தங்களோடு தங்கிப் பணி செய்ய ஒரு குருவும் இல்லாமல் அந்த மக்கள் வாழ்ந்தார்கள். சற்று எண்ணிப் பாருங்கள். 1658இல் பிறந்த ஒரு பெண் குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தானும் தாயாகி, 29 வயதை எட்டும்வரை ஒரு திருப்பலியையும் பார்த்ததில்லை. ஒப்புரவு அருளடையாளம் என்றால் என்னவென்று காதால் கேட்டிருப்பாள், பெற்றதில்லை. தகப்பன் சாகும்போது நோயில்பூசுதல் கிடைக்கவில்லை. கோயில் மணி ஒலித்தது. அது அவர்களுக்காக ஒலிக்கவில்லை.

அப்படியானால் விசுவாசம் எங்கே இருந்தது? வாயிலே இருந்தது. ஆச்சி, அப்பம்மா, அம்மம்மா வாயிலிருந்து பேரப்பிள்ளைகளின் வாய்க்குப் போனது.

அந்த வாய்க்கு அந்தச் செபங்கள் எப்படி வந்தன என்பதும் நன்றியோடு நினைக்க வேண்டிய வரலாறு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தைச் செபம் ஆகியவற்றைத் தமிழிலே அமைத்தார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய் அடித்துச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோய், அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார். நோயாளிகளின் வீடுகளுக்கும் பிள்ளைகளே போய்ச் செபம் சொன்னார்கள்.

அவருக்குப் பின் அதே கடற்கரையில் உழைத்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். 16 பக்கங்களே கொண்ட நூல் அது. அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இந்திய மொழி எழுத்துகளில் அச்சேறிய முதல் நூல் தமிழ் நூல் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்த முதல் நூல் எதற்காக அச்சிடப்பட்டது? வீட்டிலும் கோயிலிலும் மக்கள் தங்கள் தாய்மொழியில் இறைவனோடு பேச வேண்டும் என்பதற்காக. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கோயில்கள் பறிபோன நாளில், அந்த விதை பலன் தந்தது. ஆண்டவரின் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு. வீட்டில் இருக்கும்போதும் வழி நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைப் பேசு என்று இணைச்சட்ட நூல் இஸ்ரயேலருக்குக் கட்டளையிடுகிறது (6:6-7). யாழ்ப்பாணத்து மக்கள் அதை அப்படியே செய்தார்கள். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை.

இனி, கடலுக்கு இந்தப் பக்கம் நடந்ததைப் பார்ப்போம். கோவாவிலே பெனாலிம் என்ற ஊரில் 1651இல் பிறந்தவர் யோசேப்பு வாஸ். 1676இல் குருவானார். மறு ஆண்டு, 1677 ஆகஸ்டு 5ஆம் நாள், அன்னை மரியாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் ஒப்பந்தமே எழுதிக் கையெழுத்திட்டார். இலங்கையில் மேய்ப்பன் இல்லாமல் தவிக்கும் மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து அவர் மனம் அங்கேயே இருந்தது. 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்ற துணையாள் உடன் வந்தார். தெற்கு நோக்கி நெடுந்தூரம் நடந்து தூத்துக்குடியை அடைந்தார். குருவின் உடையைக் களைந்து, கூலியாள் போல உடுத்திக்கொண்டு கப்பல் ஏறினார். 1687இல் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது வயிற்றுக்கடுப்பு அவரைப் பிடித்திருந்தது. நடக்கவும் பலமில்லை. ஊரில் தெரிந்தவர் எவரும் இல்லை. இரக்கப்பட்டு யாரோ ஊற்றிய கஞ்சியால் உயிர் பிழைத்தார்.

எழுந்து நடக்க முடிந்ததும் அடுத்த கேள்வி வந்தது: கத்தோலிக்கர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியில் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். வாய் திறந்து கேட்டால் தமக்கு மட்டுமல்ல, பதில் சொன்னவருக்கும் ஆபத்து. அவர் ஒரு வழி கண்டார். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிச்சைக்காரராக வீடு வீடாய்ப் போனார். கையை நீட்டினார், பேசவில்லை. எந்த வீட்டில் கண்கள் அந்த மாலையின்மேல் நிற்கின்றன என்று பார்த்தார். சில வீடுகளில் நின்றன. மெல்ல மெல்ல நம்பிக்கை பிறந்தது. ஒருநாள் தாம் குரு என்று அவர் சொன்னபோது அந்த வீட்டார் அடைந்த மகிழ்ச்சியை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

பிறகு சில்லாலைக் கிராமத்து மக்கள் அவரைத் தங்கள் நடுவே வைத்துக் காத்தார்கள். இரவுகளில் திருப்பலி நடந்தது. அடைக்கலம் கொடுத்தால் மரணம் என்ற ஆணை அப்போதும் இருந்தது. தெரிந்தே கொடுத்தார்கள்.

அன்பர்களே, யோசேப்பு வாஸ் அடிகளாரின் துணிவைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இன்று கதவின் உட்பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி ஒரு நிமிடம் நினைப்போம். அந்த மாலையை அவர்கள் அடையாளம் கண்டார்களே, எப்படி? 29 ஆண்டுகள் வீட்டில் செபமே நடக்காமல் இருந்திருந்தால், பிச்சைக்காரரின் கழுத்தில் தொங்கியது வெறும் மணிகள் கோத்த கயிறாகவே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பிடி அரிசி போட்டு அனுப்பியிருப்பார்கள். இத்தனை ஆண்டுகளாகக் கேட்ட குரு வாசல்வரை வந்து, அடுத்த வாசலுக்குப் போயிருப்பார். கதவை அடைத்து, விளக்கைத் தணித்து, மெல்லிய குரலில் இரவுதோறும் சொன்ன அந்தச் செபமே அவர்களின் கண்களைத் திறந்து வைத்திருந்தது.

கடவுளின் அன்பைப் பற்றியும் இதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆண்டவர் என்னைக் கைவிட்டார், மறந்துவிட்டார் என்று சீயோன் புலம்பியதாக எசாயா எழுதுகிறார் (49:14). தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று ஆண்டவர் மறுமொழி தருகிறார். யாழ்ப்பாணத்து வீடுகளிலும் அந்தப் புலம்பல் எழுந்திருக்கும். ஆனால் அவர்கள் புலம்பிக்கொண்டிருந்த நாள்களிலேயே கோவாவில் ஓர் இளைஞரின் உள்ளத்தில் ஆண்டவர் அவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். பதில் வந்தபோது படையோடு வரவில்லை. நோயாளியாக, பசித்தவராக, கையேந்தி வந்தது. பசியாய் இருந்தேன், அன்னியனாய் இருந்தேன் என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொல்லும் அதே கோலத்தில் வந்தது.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதால் அவர் புத்தளம் சென்றார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலேயே சிங்களம் கற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, எந்தச் சமயத்தார் என்று பாராமல் அவர்களைத் தொட்டுப் பராமரித்தார். பௌத்த மன்னரின் ஆதரவோடு அங்கே திருப்பணி செய்தார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் ஆங்கிலேயர் காலத்தில், 1806இல்தான் நீக்கப்பட்டன. 2015 சனவரி 14 அன்று, கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று மாலையே திருத்தந்தை மடு அன்னையின் திருத்தலத்துக்கும் சென்றார். மாந்தையிலிருந்து தப்பிய குடும்பங்கள் அன்னையின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன இடம் அது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2020இல் பெருந்தொற்றின்போது நம் கோயில் கதவுகளும் மூடின. உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியைக் கைபேசியில் பார்த்தோம். அந்த வாரங்களில் நம்மில் பல குடும்பங்கள் மாலையில் சேர்ந்து உட்கார்ந்து செபமாலை சொன்னோம். விவிலியத்தைத் தூசி தட்டி எடுத்தோம். கதவுகள் திறந்தன. நாம் மகிழ்ந்து கோயிலுக்கு வந்தோம். ஆனால் வீட்டுச் செபத்தை அங்கேயே விட்டுவிட்டோமா? 29 ஆண்டுகள் தாங்கியது அவர்களின் செபம். நம்முடையது எத்தனை வாரம் தாங்கியது? இந்தக் கேள்வியை நாங்களும் எங்களையே கேட்டுக்கொள்கிறோம்.

கோயில் வேண்டாம், வீட்டுச் செபம் போதும் என்று நாம் சொல்லவில்லை. அந்த மக்களும் அப்படி நினைக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துத் திருப்பலிக்கு வந்தார்கள். வீட்டில் எரிந்த சிறு விளக்கே நற்கருணைக்கான ஏக்கத்தை அணையாமல் காத்தது. ஆகவே இந்த வாரம் மூன்று சிறு காரியங்கள் செய்வோம்.

முதலாவது, நாள்தோறும் பத்து நிமிடம் தனியே அமர்வோம். அன்றைய நற்செய்தியை மெதுவாக வாசித்து, ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவோம். அன்னை மரியா எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார் அல்லவா?

இரண்டாவது, இரவு உணவுக்கு முன் கைபேசிகளை ஒதுக்கி வைத்து, செபமாலையில் ஒரு பத்து மணியாவது குடும்பமாகச் சொல்வோம்.

மூன்றாவது, நம் பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ ஒரு செபத்தைப் புத்தகம் இல்லாமல், நம் வாயாலே சொல்லிக் கொடுப்போம். நாளை அவர்களுக்கு என்ன காலம் வரும் என்று நமக்குத் தெரியாது. கழுத்தில் மாலையோடு ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால், அவர்கள் அடையாளம் காண வேண்டும்.

செபிப்போம்: மறைவில் இருக்கும் எங்கள் அன்புத் தந்தையே, கோயிலும் குருவும் இல்லாத நாளிலும் உம் மக்களை நீர் மறக்கவில்லை. அவர்கள் உதடுகளில் காத்த செபத்தை எங்கள் வீடுகளிலும் காத்தருளும். பசித்தவராய், அன்னியராய் எங்கள் வாசலுக்கு வரும் உம் மகனை அறிந்துகொள்ளும் கண்களைத் தாரும். புனித யோசேப்பு வாஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.