எதிர்மறை அழுத்தப் புண் சிகிச்சையின் வரலாறு

நீரிழிவு நோயாளியின் காற்புண் ஆறாவிட்டால் காலையே அகற்ற நேரிடலாம். அதைத் தவிர்க்க உதவும் முறைகளுள் ஒன்று எதிர்மறை அழுத்தச் சிகிச்சை. புண்மீது நுரைப்பஞ்சு வைத்து, காற்றுப் புகாத படலத்தால் மூடி, குழாய் வழியே கசிவுநீரை உறிஞ்சி எடுப்பர்.

1993-இல் செருமனியில் பிளைஷ்மன் குழுவினர் எலும்புமுறிவுக் காயங்களுக்கு இம்முறையைக் கையாண்டனர். அமெரிக்காவின் வட கரோலினாவில் மோரிக்வாசு, அர்ஜென்டா ஆகியோர் பன்றிகளில் சோதித்தனர். 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சும்போது குருதியோட்டம் மிகுவதாக 1997-இல் எழுதினர்.

2008-இல் வெளியான, 342 நீரிழிவு நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், இச்சிகிச்சை பெற்றோரில் 43 விழுக்காட்டினருக்குப் புண் முழுதும் மூடியது; ஈரக்கட்டு போட்டோரில் 29 விழுக்காட்டினருக்கே மூடியது. உறுப்பு அகற்றலும் குறைந்தது. எனினும் அழுகிய தசையை நீக்குவதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் இன்றி இக்கருவி மட்டும் காலைக் காக்காது.