காசு கொடுத்து முங்குகிறோம்

லீவுக்குத் திருவனந்தபுரம் போனபோது பசங்க அடம்பிடித்து கோவளத்தில் ஸ்கூபா டைவிங் இறங்கினார்கள். (முதுகில் இருப்பது ஆக்சிஜன் இல்லீங்க, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான். 1943ல் பிரான்சில் கூஸ்தோவும் இன்னொருவரும் செய்த கருவி.)

குமரிமுனையைத் தாண்டினால் மன்னார் வளைகுடா. சுமார் 2000 வருஷம் முன்னால் அங்கே கொற்கையில் முத்துக் குளித்தது யார் தெரியுமா? தண்டனைக் கைதிகள்! பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல் சொல்கிறது. பாண்டிநாட்டு முத்து என்று பெருமை பேசும்போது இதை மட்டும் விட்டுவிடுவோம்.

பிறகு பரதவர் தொழிலானது. கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி இறங்கினால் ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். மேலே இருப்பவன் கயிற்றை இழுத்தால்தான் உயிர். அதனால் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். அக்கா தாலியாச்சே!

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல். அங்குள்ள 21 தீவுகளும் 1986ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாயின.

மூச்சடக்கி முங்கும் வேலை மட்டும் போகவில்லை. கோவளத்துக்குப் பக்கத்திலேயே, விழிஞ்ஞத்தில், பாறையில் ஒட்டிய சிப்பியைப் பறிக்க சிலிண்டர் இல்லாமல்தான் இறங்குகிறார்கள். ஓட்டலில் நம் தட்டுக்கு வரும் சிப்பி வறுவல் அதுதான்.