சாக்லேட்டின் புண்ணாக்கு

ஸ்டென்ட் வைத்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று டாக்டர் தந்த தாளில் நான்காவது வரி: முட்டை மஞ்சள் கூடாது. அப்பா நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். தீவனத்தில் எவ்வளவு மக்காச்சோளம் என்று பார்த்தே மஞ்சளின் நிறத்தைச் சொல்லிவிடுவார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர் வழியெல்லாம் பேசவில்லை.

அடுத்த மாதம் அவருடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாள். சாக்லேட் கேக் என்றால் அவருக்கு உயிர். வெண்ணெயும் மஞ்சளும் இல்லாமல் செய்ய வழியுண்டா என்று தேடப்போய் வான் ஹூட்டனிடம் வந்து சேர்ந்தேன்.

கோகோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. ஐரோப்பாவில் அதை அப்படியே அரைத்துக் கரைத்துக் குடித்தார்கள். மேலே நெய் மிதக்கும். 1828இல் ஆம்ஸ்டர்டாமில் காஸ்பாரஸ் வான் ஹூட்டன், அதை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். (பல புத்தகங்களில் இந்தப் பெருமை மகன் கூன்ராடுக்குப் போய்விட்டது. மகன் செய்தது வேறு: கார உப்பு சேர்த்துக் கசப்பைத் தணித்தது.) நம்மூர் செக்கில் கடலை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம். கோகோ பவுடர் சாக்லேட்டின் புண்ணாக்கு, அவ்வளவுதான். இன்று கடைகளில் கிடைப்பதில் கொழுப்பு பெரும்பாலும் நூற்றுக்கு 10 முதல் 24 வரை. டப்பாவின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

பிழிந்த கொழுப்பு வீணாகவில்லை. 1847இல் பிரிஸ்டல் நகரின் ஃப்ரை நிறுவனம் கோகோத் தூளோடும் சர்க்கரையோடும் அதையே உருக்கிக் கலந்து அச்சில் வார்த்தது. கடித்துத் தின்னும் சாக்லேட் அப்படித்தான் வந்தது. ஆக, கேக்கில் சாக்லேட் பாரை உருக்கி ஊற்றுகிறவர், வான் ஹூட்டன் கஷ்டப்பட்டுப் பிரித்ததைத் திரும்பச் சேர்க்கிறார்.

மஞ்சளுக்கும் ஒரு கதை உண்டு. வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. 2015-20க்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பைக் கைவிட்டது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நம்ம டாக்டர் சொன்னதே இருக்கட்டும் கண்ணு" என்றார்.

வெள்ளைக்கருவை மட்டும் வைத்துச் செய்யும் ஏஞ்சல் ஃபுட் கேக், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சமையலறைகளில் பிறந்தது. முதல் தடவை ஒரு சொட்டு மஞ்சள் விழுந்துவிட்டது. எவ்வளவு அடித்தும் நுரை எழவில்லை. கொழுப்பு பட்டால் நுரை அடங்கிவிடும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்குகூட ஆகாது. அடுத்த தடவை எட்டு வெள்ளைக்கரு, சில துளி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை. (கொழுப்புதான் குறைவு, சர்க்கரை குறைவில்லை.) கடைசியில் சலித்த மைதாவும் மூன்று ஸ்பூன் கோகோவும், அடிக்காமல் மெதுவாக மடித்துக் கலந்தேன். தகரத்துக்கு எண்ணெய் தடவவில்லை; சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கேக் ஏறும். வெந்ததும் அமுங்காமலிருக்கத் தலைகீழாகக் கவிழ்த்து ஆறவைத்தேன். அம்மா வந்து பார்த்து, "கீழ விழுந்துருமடா" என்றார். விழவில்லை.

அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். "மஞ்சளையெல்லாம் என்ன பண்ணுன கண்ணு?"

ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. எடுத்துவரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் கிண்ணத்தைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சோளம் பத்தல" என்றார்.