‘லா லா லா’ எந்த மொழி?

ஒரு பாட்டில் ‘லா’ என்னும் அசை 138 முறை வருகிறது. அந்த அசைக்குப் பொருள் எதுவும் இல்லை. நம் நாட்டுப்புறப் பாடல்களின் தன்னானேவையும் ஏலேலோவையும் போல இசையை நிறைக்க வருவது. இதற்கென்றே ‘இசைநிறை’ என்றொரு சொல்லைத் தொல்காப்பியர் வைத்திருக்கிறார். 1968ஆம் ஆண்டு யூரோவிஷன் பாட்டுப்போட்டிக்கு ஸ்பெயின் அனுப்பிய ‘லா லா லா’ என்ற பாடலைத்தான் சொல்கிறேன். பெரிதும் பொருளற்ற அசைகளாலான இப்பாட்டை எந்த மொழியில் பாடுவது என்ற கேள்விக்காக ஓர் அரசு தன் நாட்டின் முதன்மையான பாடகரைத் தொலைக்காட்சியிலிருந்து விலக்கிவைத்தது.

யூரோவிஷன் 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கியது. நாட்டுக்கொரு பாட்டு. அதைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த நாட்டின் ஒலிபரப்பு நிறுவனம். ஸ்பெயின் 1961இல் வந்து சேர்ந்தது. அன்று அங்கே ஒலிபரப்பு நிறுவனம் என்றால் ஃபிராங்கோவின் அரசு என்றே பொருள். செய்தி, சுற்றுலா இரண்டையும் ஒரே அமைச்சகத்தில் வைத்து மனுவேல் ஃப்ராகா நடத்திக்கொண்டிருந்த காலம். வெயிலையும் கடற்கரையையும் ஐரோப்பியருக்கு விற்க வேண்டும். உள்ளே இருக்கும் தணிக்கை அவர்கள் கண்ணில் படக்கூடாது. ஓர் இனிய பாட்டு இதற்கு மிகவும் வசதி.

1968இல் பாடலை எழுதியவர்கள் ‘துவோ தினாமிக்கோ’ என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த மனுவேல் டி லா கல்வா, ரமோன் ஆர்குசா என்ற இருவர். பாட ஜுவான் மனுவேல் செர்ராட் தேர்ந்தெடுக்கப்பட்டார். பார்சலோனாவின் உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் 1943இல் பிறந்தவர். தந்தை கட்டலானியர். தாய் அரகோன் பகுதியின் பெல்சித்தே ஊர்க்காரர்; உள்நாட்டுப் போரில் இடிபாடாகிப்போன ஊர் அது.

1939க்குப் பிறகு கட்டலான் மொழி பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டுவிட்டது. வீட்டுக்குள் தங்கிய மொழியை மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் 1961இல் உருவான ‘பதினாறு நீதிபதிகள்’ என்ற பாடகர் குழுவுக்குத் தனி இடம் உண்டு. வெளியார் நாவில் எளிதில் வராத ஒரு கட்டலான் நாப்பயிற்சித் தொடரிலிருந்து எடுத்த பெயர். செர்ராட் அக்குழுவில் பதின்மூன்றாமவர். அவர் ஸ்பானிய மொழியிலும் பாடத் தொடங்கியபோது தோழர்கள் சிலர் அதைத் துரோகமாகவே கருதினர். அந்த நேரத்தில்தான் யூரோவிஷன் வாய்ப்பும் வந்தது.

பல மொழிகளில் பாடல் பதிவாயிற்று. கட்டலான் வடிவமும் அவற்றுள் ஒன்று. போட்டி ஏப்ரல் 6, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில். மார்ச் 25 அன்று செர்ராட் ஒரு கடிதம் எழுதினார்: கட்டலானில் பாட இசைந்தால் பாடுவேன், இல்லையேல் இல்லை. தொலைக்காட்சி நிலையம் இசையவில்லை. 1965இல் சுவீடன் ஆங்கிலத்தில் பாடியதால், பாட்டு அவ்வந்நாட்டு மொழியிலேயே அமைய வேண்டும் என்று 1966இல் போட்டி அமைப்பாளர்கள் விதி செய்திருந்தனர். ஆங்கிலத்திடமிருந்து சிறு மொழிகளைக் காப்பதற்கு உதவக்கூடிய விதிதான். ஆனால் நாட்டின் மொழி எது என்பதை அரசுதானே சொல்லும்!

செர்ராட் தன் தோழர்களின் வசைக்கு அஞ்சியே இப்படிச் செய்தார் என்று பேசியவர்கள் உண்டு. அஞ்சியிருக்கலாம். துணிவான செயல்கள் எல்லாம் கலப்பற்ற மனத்திலிருந்துதான் பிறக்கவேண்டும் என்று நான் எண்ணுவதில்லை. விலை என்னவோ உண்மையானது: தொலைக்காட்சியில் அவருக்குத் தடை விழுந்தது.

எஞ்சியிருந்தது பன்னிரண்டு நாள். மெக்சிகோவில் இசைப்பயணத்தில் இருந்த மாசியெல் என்ற இருபது வயதுப் பாடகியை அவசரமாக அழைத்தார்கள். அவர் அப்பாட்டை ஸ்பானிய மொழியில் பாடி 29 புள்ளிகளுடன் வென்றார். இங்கிலாந்தின் கிளிஃப் ரிச்சர்டுக்கு 28. ஒரு புள்ளிதான் இடைவெளி என்பதால் ஃபிராங்கோ வாக்குகளை விலைக்கு வாங்கினார் என்ற பேச்சு 2008இல் ஓர் ஆவணப்படத்தின் வழியே கிளம்பியது. அதைச் சொன்ன ஒளிபரப்பாளரே பின்னர் தாம் கேள்விப்பட்ட வதந்தியைத்தான் சொன்னதாக விளக்கினார். மாசியெலுக்கு இது அநீதி. ஆட்சியின் பாடகி என்று அவரைத் தள்ளிவிடவும் முடியாது. 1972இல் பிரெக்டின் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டவர் அவர்.

அடுத்த ஆண்டு போட்டி மாட்ரிட்டில். விளம்பர ஓவியத்திற்கு சால்வடோர் டாலி. ஸ்பெயினுக்காகப் பாடியவர் சாலோமே, கட்டலானியர். 1963இல் பார்சலோனா இசைவிழாவில் ராய்மோனுடன் சேர்ந்து கட்டலான் பாட்டால் பரிசு பெற்றவர். மாட்ரிட்டில் அவர் பாடியது ஸ்பானிய மொழியில். நான்கு நாடுகள் 18 புள்ளிகளுடன் சமமாக வென்றன, சாலோமேயும் ஒருவர்.

அதே 1969இல் செர்ராட் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் இலக்கிய வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டியது. அந்தோனியோ மச்சாதோவின் ஸ்பானியக் கவிதைகளுக்கு இசை அமைத்து முழு இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். மச்சாதோ 1939இல் எல்லை கடந்து, பிரான்சின் கொலியூரில் அகதியாக இறந்த கவிஞர். 1972இல் மிகேல் எர்னாண்டஸ். அவர் ஃபிராங்கோவின் சிறையில் 1942இல் மடிந்தவர். ஸ்பானிய மொழியில் பாட மறுத்தவர் என்று தூற்றப்பட்ட மனிதர், அம்மொழியின் தலைசிறந்த கவிகளைப் பள்ளிக்கூடங்கள் செய்யாத அளவுக்கு மக்கள் வாயில் ஏற்றினார். அவர் அம்மொழியை வெறுக்கவில்லை. அவர் மறுத்தது, அது ஒன்றே மொழி என்பதை. 1975 செப்டம்பரில் ஐவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டபோது மெக்சிகோவிலிருந்து கண்டித்துப் பேசி, 1976 ஆகஸ்ட் வரை நாடு திரும்ப முடியாமல் இருந்தார்.

யூரோவிஷன் மேடையில் கட்டலான் முதன்முதலில் ஒலித்தது 2004இல். அனுப்பியது அந்தோர்ரா என்ற மலைநாடு. ஸ்பெயின் இன்றுவரை கட்டலான் பாட்டு ஒன்றை அனுப்பவில்லை. 1978 அரசியலமைப்பு வட்டார மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி தந்தும் இதுதான் நிலை.

2022 ஜனவரியில் பெனிடோர்மில் நடந்த தேர்வுப் போட்டியில், தங்க்சுகெய்ராஸ் என்ற மூன்று பெண்கள் கலீசிய மொழியில், பறைபோன்ற சிறு தாளக்கருவிகளைத் தட்டிப் பாடினார்கள். நேயர் வாக்குகளில் 70 விழுக்காட்டிற்கும் மேல் அவர்களுக்கே விழுந்தன. நடுவர்கள் வேறுவகையாக எண்ணினர். ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்து பாடிய சானெல் 96 புள்ளிகள் பெற்று டூரினுக்குச் சென்றார். அங்கே மூன்றாமிடமும் பெற்றார். குறை சொல்ல முடியாத ஆட்டம் அவருடையது. கலீசியப் பெண்களுக்குக் கிடைத்தவை 90.