எண்ணிமச் சொத்து மேலாண்மை

ஒரு நிறுவனத்தின் ஒளிப்படங்கள், காணொளிகள், சின்னங்கள், விளம்பர வடிவமைப்புகள் ஆகியவற்றை உரிமை விவரங்களோடு ஓரிடத்தில் சேர்த்து, வேண்டும்போது தேடியெடுக்க வகைசெய்யும் முறை. இதை வெறும் கோப்புச் சேமிப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது மெட்டாடேட்டா எனப்படும் விவரத் தரவு.

திட்டமிடல் கணக்கெடுப்பில் தொடங்குகிறது: எந்தக் கோப்பு யாருடைய கணினியில் இருக்கிறது, எவை நகல்கள், எவை கழிக்கத் தக்கவை. மென்பொருளை முதலில் வாங்கிவிட்டு இதைப் பிறகு பார்ப்பது பிழையான வரிசை.

அடுத்தது விவரப் புலங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளினில் 1995இல் நடந்த பயிலரங்கிலிருந்து உருவான டப்ளின் கோர் தரம், தலைப்பு, படைப்பாளர், நாள், உரிமை உள்ளிட்ட 15 புலங்களைத் தருகிறது. அடோபி 2001இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி, விவரங்களைக் கோப்புக்குள்ளேயே பதிக்கிறது; கோப்பு இடம் மாறினாலும் அவை கூடவே செல்லும். புலங்கள் மட்டும் போதா; சொல் ஒழுங்கும் வேண்டும். ஒருவர் ‘தஞ்சை’ என்றும் மற்றவர் ‘தஞ்சாவூர்’ என்றும் குறித்தால் பாதிப் படங்கள் தேடலில் அகப்படா. எனவே ஏற்கப்பட்ட சொற்பட்டியல் ஒன்றும், அதைப் பேணும் பொறுப்பாளர் ஒருவரும் தேவை. நூலகப் பயிற்சி பெற்றவரே இதற்குப் பெரிதும் பொருத்தம்.

நடைமுறைப்படுத்தலை ஒரே துறையில் சோதித்து விரிப்பது நல்லது. உரிமக் காலம் முடிந்த படங்கள் தாமாகவே பயன்பாட்டிலிருந்து விலகும்படி அமைப்பது பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கும். காப்புப்படிகளை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அவ்வப்போது மீட்டுப் பார்க்கவும் வேண்டும்: 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ படக் கோப்புகள் தவறுதலாக அழிந்தபோது பிக்சாரின் காப்புப்படி கைகொடுக்கவில்லை, பணியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியிலிருந்த நகலே உதவியது.